முன்னால் நிற்கிற வண்டி

மழை பெய்தால் ஆட்டோக்காரனுக்கு யோகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மேடம். பறக்கும் ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் மழை நாளில் நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. உள்ளே கூரைக்கடியில் நின்றபடியே போனில் வண்டி பிடித்துவிடுகிறார்கள். வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கிற எங்களுக்கு இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் மிச்சம்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளும் அப்படித்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வரிசை நகரவே இல்லை. முன்னால் கிச்சாவின் வண்டி நின்றது.

முன்பு ஒருமுறை ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும் இதே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனோம். கிச்சா எங்களோடு பல வருடமாக ஓட்டுகிறான், அவன்மேல் யாரும் புகார் கொடுத்ததில்லை, மணிமொழி என்கிற பெண் அவன் வண்டியில் தானாக ஏறிப் போனதைப் பார்த்தோம், அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்குத் தெரியாது. இப்படித்தான் சொன்னோம். வார்த்தை வார்த்தையாக எடுத்துப் பார்த்தால் அதில் பெரிய பொய் இல்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். அன்று விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்வதென்றால் வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வரிசையைக் கொண்டுவந்தவன் நான். அதற்கு முன்னால் ரயில் வந்ததும் நாங்கள் படிக்கட்டுக்கே போய், ஆளுக்கொரு பக்கம் சவாரியின் பையைப் பிடித்து இழுப்போம். ஒரு பொங்கல் சமயம் அந்தச் சண்டையில் ஷரஃபுதீன் பாய்க்கு மண்டை உடைந்தது. அவர் எங்களில் மூத்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் தலையில் தையலோடு வந்து நின்றதைப் பார்த்த பிறகு எல்லோரையும் டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினேன். முன்னால் நிற்கிற வண்டிக்குத்தான் சவாரி. அது போன பிறகுதான் அடுத்த வண்டி. இந்த வண்டி வேண்டாம், அந்த வண்டிதான் வேண்டும் என்று சவாரி கேட்டால் ஒருவரும் போகக் கூடாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "செம்பியா, நீயே செயலாளரா இருந்து பாத்துக்க" என்றார்கள்.

முன் வண்டி கிளம்பியதும், பின்னால் இருப்பவர்கள் இன்ஜினைப் போடாமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியைத் தள்ளி ஓர் இடம் முன்னால் வருவோம். கேஸ் மிச்சம். ஒன்றின் பின் ஒன்றாக வண்டிகள் அப்படிச் சத்தமில்லாமல் நகர்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சண்டை நின்றது. டீசண்டான ஸ்டாண்டு என்று பெண்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கிச்சாவைப் பற்றி நாங்கள் சொன்ன நல்லதெல்லாம் நிஜம். பெரிய வெள்ளத்தின்போது வேளச்சேரியில் வண்டியை விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வயதானவர்களைத் தோளில் தூக்கிவந்தவன் அவன். வேலுவின் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து சேர்த்தவன். சொல்லாமல் விட்டது அவன் கண்ணாடியை. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க எல்லா ஆட்டோவிலும் வெளியே ஒரு கண்ணாடி இருக்கும். கிச்சா உள்ளே, மீட்டருக்கு மேலே இன்னொன்று மாட்டியிருந்தான். பெண் ஏறி உட்கார்ந்ததும் அதைக் கையால் ஒரு திருப்புத் திருப்புவான். தேவையில்லாத இடத்தில் பிரேக் போடுவான். சீட்டு ஈரம் என்று சொல்லிக் கையைப் பின்னால் விடுவான். சில்லறை கொடுக்கும்போது விரலைச் சீக்கிரம் விடமாட்டான்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவனே சொல்வான். டீ குடிக்கும்போது சொல்வான். சிலர் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் குனிந்து கிளாஸைப் பார்ப்பார்கள். நான் கிளாஸைப் பார்க்கிறவன்.

தினம் வருகிற பெண்களுக்குச் சீக்கிரமே விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லியிருப்பாள். வண்டியை மாற்றிக் கேட்க முடியாது, அது என் சட்டம். அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிச்சா முன்னால் நின்றால், படியிறங்கி வருகிற பெண்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்று போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். அவன் வண்டி கிளம்பியதும் பேச்சு முடிந்துவிடும். வந்து அடுத்த வண்டியில் ஏறுவார்கள்.

வேலுவுக்கு வாய் சும்மா இருக்காது.

"மச்சி, கிச்சா முன்னாடி வந்தான்னா ஏரியால கீற அத்தினி பொம்பளைக்கும் ஒரே டைம்ல போன் வருது பாரேன். கம்பெனிக்காரன் டவர இவன் தலைமேலதான் நட்டுகீறான்."

வரிசை முழுக்கச் சிரிக்கும். கிச்சாவும் சிரிப்பான்.

அது பொய்ப் பேச்சு என்று பார்த்தாலே தெரியும். உண்மையில் பேசுகிறவர்கள் எதிரில் இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். நடப்பார்கள், காலால் கல்லைத் தள்ளுவார்கள், திடீரென்று சிரிப்பார்கள். பொய்யாகப் பேசுகிறவர்கள் அசையாமல் நிற்பார்கள். உதடு அசையாது. கண் முன் வண்டியின் மேலேயே இருக்கும். இவ்வளவு கவனித்தவன் அவர்கள் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்று யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். வரிசை நிற்கிறதே என்று யோசித்தேன். ஆண்கள் பைக் டாக்ஸியில் போய்விடுகிறார்கள். எங்களுக்கு வருகிற சவாரி பெரும்பாலும் பெண்கள்தான். கிச்சா முன்னால் வந்து மாட்டிக்கொண்டால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் காய வேண்டியதுதான்.

வெளிப்படையாகப் பேசியது தேவானை ஒருத்திதான். மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிறவள். முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தாள், இப்போது பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தினம் பஸ், ரயில் மாறி வருவாள். ஆட்டோவில் ஏறுகிற வழக்கமில்லை. அன்று வேலை செய்கிற வீட்டுக்காக ரிப்பேர் கடையிலிருந்து கிரைண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"யோவ் செம்பியா, பின்னாடி வண்டிய அனுப்பு. நான் இதுல ஏற மாட்டேன்."

"முறைன்னு ஒண்ணு கீதுல்லக்கா."

"இன்னா பொல்லாத முறை? அவன் கை எங்க போவும்னு உனக்குத் தெரியாதா? தெரியாத மாரி மூஞ்ச வெச்சிக்கினு நிக்கிற."

"இன்னாக்கா, உன்னையுமா?" என்று வேலு கேட்டான்.

மறுபடி வரிசை சிரித்தது. தேவானை வேலுவைப் பார்க்கவில்லை. கிச்சாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உனுக்கும் பொண்ணு கீதுல்ல? அது வந்தா எந்த வண்டில ஏத்துவ?"

நான் பதில் சொல்வதற்குள் கிரைண்டரைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். பதில் என்னிடம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு டீக்கடையில் கிச்சா இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை கூடிப் பேசினோம். ஷரஃபுதீன் பாய்தான் ஆரம்பித்தார்.

"அவன ஸ்டாண்ட வுட்டு அனுப்பிடு செம்பியா. இது நல்லதுக்கில்ல."

"இன்னா பாய் நீ? எங்கம்மாவ காப்பாத்துனவன் அவன்" என்றான் வேலு. "இன்னா கொலையா பண்ட்டான்? கொஞ்சம் வாலு, அவ்ளோதான்."

ஜவஹர் என்று எங்களில் ஒருவன், படித்தவன் மாதிரி பேசுவான். அவன் சொன்னான்: "இன்னிக்கி ஒருத்திய நம்பி இவன வெளிய தள்ளுவ. நாளிக்கி வேற ஒருத்தி வந்து உன்னக் கைகாட்டுவா. அப்ப இன்னா பண்ணுவ?"

அதைக் கேட்டதும் ஆளுக்காள் அவரவர் மனசுக்குள் எதையோ தேடிப் பார்த்தது போல இருந்தது. நானும் தேடினேன். பாய் டீயை முடிக்காமல் எழுந்து போனார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொள்வது என்றால் இதுதான். கிச்சா முன்னால் வந்துவிட்டால் அவனைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும். நான் படிக்கட்டு அருகே போய் நிற்பேன். ஆண்கள், வயதானவர்கள், குடும்பமாக வருகிறவர்கள் யாராவது இறங்கினால் கூட்டிவந்து அவன் வண்டியில் ஏற்றுவேன். ஆரம்பத்தில் அவ்வளவுதான். அதில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். சில நாள் அப்படி யாரும் வர மாட்டார்கள். அந்த நாட்களில் வெளியூர்ப் பெண்களை ஏற்றினேன்.

வெளியூர்க்காரர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. படியிறங்கியதும் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். போனில் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்கள். கோயில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கிச்சாவைத் தெரியாது. ஏறிப் போனால் திரும்ப இந்தப் பக்கம் வர மாட்டார்கள். தேவானை மாதிரி நின்று என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். என் நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும், பேச்சும் மரியாதையாக இருக்கும். 'வாங்கம்மா, எங்க போணும்?' என்று நான் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் அந்த வேலையை நானே செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஏரியாப் பெண்களைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்றுதான் அதை நினைத்தேன். அவர்கள் டீக்கடையில் வெகுநேரம் போனோடு நிற்க வேண்டியிருக்கவில்லை. சிலர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் அப்படி நான் ஏற்றிவிட்ட ஒரு பெண் ராயப்பேட்டைப் பக்கம் சிக்னலில் வண்டி நின்றதும் குதித்து ஓடிவிட்டாளாம். குடையை வண்டியிலேயே விட்டுவிட்டாள். கறுப்புத் துணியில் மஞ்சள் பூப் போட்ட குடை. கிச்சா அதைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் போட்டான். "காசும் தர்ல, குடையும் வெச்சிட்டு போய்ட்டா, லூசு" என்றான். நல்ல குடை. அதன் பிறகு மழை வந்தால் டீ வாங்கப் போக நாங்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொண்டோம். மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் அதற்கென்று ஓர் ஆணி இருக்கிறது. இப்போது போனாலும் அங்கே தொங்கும்.

மணிமொழி வந்த நாளில் என் வண்டி நான்காவதாக இருந்தது. என் மகள் தாரணி நந்தனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். மழையில் பஸ்ஸில் நசுங்க வேண்டாம், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தேன். அதற்குமுன் ஒரு சவாரியாவது பார்க்க வேண்டும். வரிசையோ நகரவில்லை. டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் வழக்கமான பெண்கள் போனோடு நின்றார்கள். பின்னாலிருந்து ஜவஹர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"செயலாளரே, எதுனா பண்ணு நைனா. சீட்டு வேர் வுட்டுடும் போல" என்று வேலு கத்தினான்.

நான் குடையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன்.

அவள் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஃபைலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் துப்பட்டாவுக்குள் வைத்து அணைத்திருந்தாள். போனில் பிடித்த வண்டி வராமல் ரத்து செய்துவிட்டது என்றாள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், அறிவியல் டீச்சர் வேலை, நேர்முகத் தேர்வு. குடையில் கூட்டிக்கொண்டு வரும்போது அவளாகவே பேசினாள். திருக்கோவிலூர்ப் பக்கம் ஊர். வேளச்சேரியில் தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள்.

"டெமோ க்ளாஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்கண்ணா. ஒளி எதிரொளிப்பு எடுக்கப் போறேன். பைக்குள்ள கண்ணாடி இருக்கு, ஒடையாம கொண்டுபோய்ச் சேரணும்."

"அதெல்லாம் ஒடையாதும்மா."

"உங்க வண்டி எதுண்ணா? அதுலயே வந்துடறனே."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், மேடம். அவள் கேட்டாள். நான் காட்டினால் போதும், நான்காவது வண்டி. ஜவஹர் சண்டைக்கு வந்திருப்பான், வேலு நாலு வார்த்தை சொல்லியிருப்பான், அவ்வளவுதான்.

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. முன்னாடி நிக்கிற வண்டி. நம்ம ஆளுதான், நான் பொறுப்பு" என்றேன்.

ஏறி உட்கார்ந்தாள். கிச்சாவின் கை கண்ணாடிக்குப் போனதைப் பார்த்தேன். நான் அப்போது இன்னொன்றும் செய்தேன். அன்று நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எங்கள் யாரிடமும் சரியான பதில் இல்லை. மழைப் படுதாவைக் கட்டியது யார் என்று கேட்டீர்கள். சவாரியே கட்டச் சொல்லிச்சு, நான்தான் கட்டினேன் என்று கிச்சா சொன்னதாகச் சொன்னீர்கள். அவன் கட்டவில்லை. சாரல் அடித்தால் ஃபைல் நனைந்துவிடும் என்று நான் கட்டினேன். எங்கள் வண்டிகளில் வலது பக்கம் குறுக்குக் கம்பி இருக்கும். இடது பக்கம்தான் ஏறவும் இறங்கவும் வழி. அந்த இடது பக்கப் படுதாவை இழுத்து, வெளியே கம்பியில் கயிற்றைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சை உள்ளேயிருந்து அவிழ்க்க முடியாது.

"தேங்ஸ்ண்ணா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வண்டி கிளம்பியது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் காலை ஊன்றித் தள்ளினோம். வேலு தள்ளினான், ஜவஹர் தள்ளினான், ஷரஃபுதீன் பாயும் தள்ளினார். ஆளுக்கு ஓர் இடம் கிடைத்தது. டீக்கடையில் நின்ற பெண்கள் போனைப் பையில் போட்டுவிட்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சவாரி அமைந்தது. தாரணியைச் சொன்ன நேரத்துக்குப் போய்க் கூட்டிவந்தேன். அவள் ஒரு துளி நனையவில்லை.

பிறகு நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மெட்ரோ வேலைக்காக இரண்டு பக்கமும் தகரம் அடைத்த ஒரு சந்துக்குள் வண்டியை விட்டிருக்கிறான். இன்ஜினில் தண்ணீர் போய்விட்டது என்று நிறுத்திவிட்டுப் பின் சீட்டுக்கு வந்திருக்கிறான். அவள் கத்தியிருக்கிறாள், மழையில் கேட்டிருக்காது. யாரோ வருகிற சத்தம் கேட்டதும் அவன் மறுபடி வண்டியை எடுத்திருக்கிறான். அவள் கயிற்றோடு போராடிப் பார்த்து முடியாமல், படுதாவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியில் புகுந்து விழுந்திருக்கிறாள். கான்கிரீட் தடுப்பில் இடுப்பு மோதியிருக்கிறது. காசுக்குச் சண்டை போட்டு அவளாகக் குதித்துவிட்டாள் என்கிறான் கிச்சா. பார்த்தவர்கள் இல்லை. அத்தனை வருடமாக ஒரு புகாரும் இல்லாதவன் என்று அவனுடைய வக்கீல் சொல்கிறார். எங்கள் கையெழுத்துகளைத்தான் அதற்குக் காட்டுகிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நெத்தில துந்நூறு வச்ச அண்ணன் ஒருத்தரு கொட புடிச்சிக் கூட்டியாந்தாருன்னு எம்பொண்ணு சொல்லுச்சிங்க. நீங்கதானா அது? நல்லாயிருப்பீங்க சாமி."

ஜன்னல் மேடையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அது உடையவில்லை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியுமா என்று இன்னும் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மணிமொழி அம்மாவை வெந்நீர் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்ணா. அவன் அப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"சரிங்கண்ணா" என்றாள்.

நம்பிவிட்டாள் என்று நினைத்து வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் செருப்பை மாட்டும்போது உள்ளே குரல் கேட்டது. "அந்த ஆப்பிள எடுத்து யாருக்காவது குடுத்துடும்மா. இங்க வேணாம்."

இப்போது தேவானைக்குச் சொல்லாத பதிலைச் சொல்கிறேன். தாரணி ஒன்பதாவது படிக்கும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். கிச்சா மாமா வண்டியில் தனியாக ஏறாதே, யார் கூப்பிட்டாலும் ஏறாதே, ஏன் என்று கேட்காதே. அவள் கேட்கவில்லை. விஷயம் ஏரியாவில் பரவிய பிறகு, ஒருநாள் சாப்பிடும்போதுதான் கேட்டாள்.

"கிச்சா வண்டில ஏறாதன்னு எங்கிட்ட சொன்னல்ல நைனா?"

"ஆமா."

"அந்த அக்காகிட்ட இன்னா சொன்ன?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"உன்னத்தான் கேக்கறேன் நைனா. எங்கிட்ட சொன்னத அந்த அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"நீ என் பொண்ணு" என்றேன்.

அது பதில்தான் என்று நினைத்துச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கிச்சா எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். புகார் இல்லை என்பது பொய். புகார் வந்தது, நாங்கள் சிரித்தோம். மணிமொழி தானாக ஏறவில்லை, நான் ஏற்றினேன். வேறு வண்டி கேட்டாள், நான் கொடுக்கவில்லை. படுதாவைக் கட்டியது நான். அவளுக்கு முன்னாலும் பலரை ஏற்றியிருக்கிறேன். அவர்கள் பேர் தெரியாது, ஊர் தெரியாது. தெரியாதவர்கள் என்பதால்தான் ஏற்றினேன். இதைச் சாட்சியாக எழுதுவீர்களோ குற்றமாக எழுதுவீர்களோ, எதுவானாலும் கையெழுத்துப் போடுகிறேன். "நீ மட்டும் யோக்கியனா ஆயிடலாம்னு பாக்கறியா?" என்று ஜவஹர் காலையில் கேட்டான். அதற்காக வரவில்லை.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தாய் என்றுதானே முதலில் கேட்டீர்கள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கிச்சா உள்ளே போன பிறகு சட்டத்தை மாற்றிவிட்டோம். எந்தப் பெண்ணும் எந்த வண்டியிலும் ஏறலாம். நேற்று சாயங்காலம் வரிசையில் முன்னால் நின்றது என் வண்டி. தாரணி பஸ்ஸை விட்டு இறங்கினாள். நான் ஸ்டாண்டில் இருந்தால் எப்போதும் நேராக வந்து பின் சீட்டில் பையை எறிந்துவிட்டு ஏறிக்கொள்வாள். நான் சீட்டை ஒருமுறை துடைத்து வைத்தேன். அவள் பாதி தூரம் வந்தாள், என் வண்டியைப் பார்த்தாள், டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அப்படியே அசையாமல் நின்றாள்.

பின் வண்டியில் வேலு இருந்தான். அவனும் பார்த்தான். அவன் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வயதானவர் வந்து அடையாறு என்றார். ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எந்த வண்டியிலும் ஏறாமல், வீட்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.

கல்லூரியிலிருந்து யாராவது கூப்பிட்டிருப்பார்கள். பரீட்சை நேரம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் மேடம், நேற்று அவளுக்கு உண்மையிலேயே போன் வந்தது.